தட்டிக்கொடுத்த கை

தூங்கும்போது புருஷனின் கை ஆடவே ஆடாது. நடுக்கம் பிடித்த இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். விழித்திருக்கும்வரை பேயாட்டம் ஆடும் வலது கை, கண் அசந்ததும் அடித்துப்போட்ட மாதிரிக் கிடக்கும். அப்படிப்பட்ட கை இன்றைக்கு மத்தியானத் தூக்கத்தில் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் முடிதிருத்துகிறவர். "கத்தி பிடிக்கிற கை ஆடினா எவன் கழுத்தை நீட்டுவான்?" என்று சிரித்துக்கொண்டே கடையை மூடியவர், அப்புறம் சிரிக்கவே இல்லை. ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் மூளைக்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் பேட்டரி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். கரன்ட் போட்ட அன்றே கை அடங்கிவிட்டது. போன வாரம் அவளை உட்காரவைத்துக் காதோர நரையைக் கத்தரித்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை கடை திறப்பதாகப் பேச்சு. கண் பட்டுவிடுமோ என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது பார்த்தால் இது. கதவோரம் நின்று கவனித்தாள். ஜன்னல் திரை உப்புவதும் கம்பியில் ஒட்டுவதுமாக இருந்தது, தலையணை உறையிலிருந்து மருந்து நெடி வந்தது, குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, எல்லாவற்றுக்கும் நடுவே மெத்தென்று அந்தச் சத்தம். மூன்று தட்டு. பிறகு புறங்கையால் ஒரு தடவல். மறுபடி மூன்று தட்டு.

நடுக்கத்துக்கு ஏது தாளம்? இப்படித் தட்டித் தடவி அவர் தூங்கவைத்தது ஒரே ஒருத்தியைத்தான். வாண்டு. ரெண்டு வயசில், காய்ச்சலில், அவர் கைக்கு அடியிலேயே போய்விட்ட மகள். மூச்சு நின்றது தெரியாமல் விடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தார், பாவி மனுஷன். அதன்பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

கூடத்துக்குப் போய் ஆராய்ச்சி டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள்.

"தூக்கத்துல அசையுதா? பயப்படாதீங்கம்மா. உங்ககிட்ட இருக்கிற ரிமோட்டால கரன்டை ஒரு நிமிஷம் அணைச்சுப் பாருங்க. கரன்டால வர்ற அசைவுன்னா நின்னுடும். அளவைக் குறைச்சுடலாம். நானே திரும்பக் கூப்பிடறேன்."

"குறைச்சா பழையபடி ஆடுமா டாக்டர்?"

"கொஞ்சம் ஆடலாம்."

அப்போ கடை? ரிமோட்டோடு கட்டிலருகே வந்து நின்றாள். உண்மையைச் சொன்னால், அணைக்க மனசே வரவில்லை. எத்தனை காலம் கழித்து அந்தச் சத்தம்! இன்னும் கொஞ்ச நேரம் கேட்டால்தான் என்ன என்று இருந்தது.

மூன்று தட்டு. தடவல்.

பொத்தானை அழுத்தினாள்.

கை நின்றது. திரை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. குழாய்ச் சொட்டுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சிணுங்கல்.

தூக்கம் கலைந்த குழந்தை அழுவதற்கு முன்னால் மூச்சை இழுக்குமே, அந்த இழுப்பு. மெத்தையில், அவர் கைக்குக் கீழே, சின்னதாக ஒரு குழி.

"ஏன் நிறுத்தினே?" கண் திறக்காமலே கேட்டார். "இப்பத்தானே தூங்கினா."

குழியிலிருந்து அழுகை வெடித்தது.

மறுபடி பொத்தானை அழுத்தினாள். ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்தது. கை அசையவில்லை. அணைத்தாள். மறுபடி போட்டாள். கை குணமான கையாக, சும்மா கிடந்தது. அவர் மூச்சு சீராக வந்தது. அழுகை வலுத்தது.

பெற்ற மனசு கேட்குமா? மண்டியிட்டாள். அவர் கையை நகர்த்திவிட்டுக் குழியின்மேல் தன் கையை வைத்தாள். மூன்று தட்டு. ஒரு தடவல்.

உள்ளங்கையில் சூடு. அதே காய்ச்சல் சூடு.

அழுகை தேய்ந்தது. விம்மலானது. அடங்கியது.

கூடத்தில் போன் அடித்தது. டாக்டரம்மாதான். கை நின்றதா என்று கேட்பாள். போய் எடுக்க வேண்டும்.

மெல்லக் கையைத் தூக்கினாள்.

குழிக்குள்ளிருந்து சின்ன விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன.