இரவல் கை

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு மையத்தின் கதவு முதல் ஆளின் முகத்தைப் பார்த்துத் திறக்கும். ஒன்பது மணிக்குள் காலை அணியின் இருபத்திரண்டு பெண்கள் நீள மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து, அறுவை நடந்த பக்கத்துக் கையை மேசைமேல் நீட்டி வைத்திருப்பார்கள். விரல் நுனியிலிருந்து தோளை நோக்கி மெல்ல நீவிவிடுவது முதல் பாடம். கையில் தேங்கிய நிணநீரை மேலே ஏற்றும் வேலை அது. பிறகு உருளைக்கட்டை. அதன்பின் சுவரில் விரல்களாலேயே ஏறுவது. பத்தரை மணிக்கு எல்லோரும் உணருறையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். உணருறை என்பது அரசாணையில் உள்ள பெயர். மணிக்கட்டு முதல் தோள்வரை இறுக்கிப் பிடிக்கும் சாம்பல்நிறத் துணி, உள்ளே நூல்போல ஓடும் சென்சார்கள். எங்கள் பெண்களுக்கு அது ஸ்லீவு.

சாத்தூர் மீள்நல மையத்தில் பதினொரு வருடமாக நான் இயன்முறைச் சிகிச்சையாளர். பெயர் நிலவரசி. டிரில் வாங்குகிறவள் என்பதால் எல்லோருக்கும் டீச்சரம்மா.

கூடத்தின் வடக்குச் சுவரில் ஓர் எண் ஒளிரும். அதற்குத் தரக்கோடு என்று பெயர். 2074 ஜனவரியில் அது 138 ஆக இருந்தது. கையை எத்தனை பாகை உயர்த்த முடிகிறது என்பதன் அளவு அது. பக்கவாட்டில் தோள்மட்டம்வரை தூக்கினால் 90, காதோடு ஒட்டி நேரே மேலே போனால் 180.

மார்பகப் புற்றுநோயால் இப்போது அநேகமாக யாரும் சாவதில்லை. பிழைப்பது உறுதியானபின், பிழைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவே தரச் சட்டம் வந்தது. எழுதியவர்கள் நல்லவர்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். கை குணமானது மருத்துவமனையில் தெரியாது, அடுப்படியில்தான் தெரியும் என்று சொன்னவர்கள் அவர்கள். அதனால் காலாண்டின் கடைசி ஏழு நாட்களை அளவு வாரம் ஆக்கினார்கள். அந்த ஏழு நாளும் ஸ்லீவு, வீட்டு வேலைக்கு நடுவே கை எவ்வளவு உயர்கிறது என்று பார்த்து ஆணையத்துக்கு அனுப்பும். வீட்டுக்குள் கேமரா கூடாது என்பதும் அவர்கள் போட்ட விதிதான். மாநிலத்தின் எல்லாக் கைகளையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் அளவையே ஆணையத்தின் பொறி அடுத்த காலாண்டின் கோடாக வைக்கும். கோடு ஏறலாம், இறங்காது. ஒரு மையத்தில் பாதிப் பேராவது கோட்டைத் தொட வேண்டும். மூன்று காலாண்டு தொடர்ந்து தொடாவிட்டால் மையம் மூடப்படும். எங்களுக்கு அடுத்த மையம் மதுரையில்.

அந்த ஜனவரியில் நாங்கள் இரண்டு காலாண்டு தோற்றிருந்தோம்.

கனிஷ்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இடதுபக்கம் அறுவை, அக்குளில் பதினாறு நிணமுடிச்சுகள் எடுத்தது, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எங்களிடம் வந்தபோது அவள் கை 70 பாகைக்குமேல் போகவில்லை. ஆறு மாதத்தில் 88 வந்தது. என்ன வேண்டும் என்று சேர்க்கும்போது எல்லோரிடமும் கேட்பேன். அரசுப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. தன் கொண்டையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அவளுக்குத் தினமும் தலைசீவி விட்டவள் அண்ணன் மனைவி வெண்பா. பஸ்ஸில் கூட்டிவருவதும் அவள்தான்.

மார்ச் மாதம், அளவு வாரத்துக்குப் பத்து நாள் முன்பு, நிலைமையை எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். மதுரைக்குத் தினம் போய்வர முடியாது என்று சொல்லத் தேவையில்லை; வீங்கிய கையோடு பஸ் கம்பியைப் பிடிப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். கனிஷ்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையால்தான் இத்தனை பேருக்கும் கதவு அடைபடப் போகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

வெண்பா பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ஸ்லீவை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் கனி, உனக்கு ஆபரேசன் ஆனப்ப இருக்கன்குடில தீச்சட்டி எடுத்தது யாரு?”

“நீங்கதான் மதினி.”

“ஆத்தா என்ன, இது கனியோட கை இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாளா?”

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருத்தி சிரித்தாள். நேர்ந்துகொண்டவளுக்கு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருத்தி சட்டியை ஏந்துவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உருளைக்கட்டைகளை அடுக்கினேன். அடுக்கியவற்றைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அளவு வாரத்தின் இரண்டாம் நாள் என் திரையில் கனிஷ்காவின் கை 160 பாகை காட்டியது. முழங்கைச் சுற்றளவு நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நாடித்துடிப்பும் வேறொருத்தியுடையது. கீழே சிகிச்சையாளர் ஒப்புதல் என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினேன். அந்த வாரம் அப்படி முப்பத்தொரு முறை அழுத்தினேன்.

மையம் தேறியது. யாரோ ஒரு கிலோ காராச்சேவு வாங்கிவந்தார்கள். எங்கள் இயக்குநர் டாக்டர் கவின்ராஜ் ஒரு வார்த்தையும் கேட்காமல் இரண்டு கை அள்ளித் தின்றார்.

ஏப்ரல் முதல் தேதி சுவரில் 146 ஒளிர்ந்தது.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எல்லா அணிகளையும் சேர்த்தாலும் எங்கள் எண்பது கைகளால் மாநிலத்தின் நடு அளவு எட்டுப் பாகை நகராது. ஒரே நோய், ஒரே சட்டம், ஒரே பயம் இருக்கிற எல்லா ஊரிலும் மதினிகள் இருந்தார்கள், அக்காக்கள் இருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி இது நடக்கவில்லை. நோயே வராத கைகள் ஆயிரக்கணக்கில் நோயாளிகளின் பெயரில் அடுப்படியில் உயர்ந்துகொண்டிருந்தன. கோடு அவற்றை நோக்கி ஏறியது. ஏறிய கோட்டைத் தொட, அதுவரை நேர்மையாக இருந்தவர்களும் ஸ்லீவைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜூலையில் 157. அக்டோபரில் 166.

செப்டம்பர்வரை வெண்பா தாங்கினாள். அக்டோபரில் எண்ணைப் பார்த்ததும் மேசையருகே நின்று கையைத் தூக்கினாள். ஐம்பத்தெட்டு வயது, தீப்பெட்டி ஆலையில் முப்பது வருடம் குனிந்து செய்த வேலை. எப்படித் தூக்கினாலும் 160. நானும் ஒரு ஸ்லீவை மாட்டிப் பார்த்தேன். எனக்கு முப்பத்தொன்பது வயது, தினமும் இதே பயிற்சியைச் செய்து காட்டுகிறவள். 164 வந்தது.

“போச்சு,” என்றாள் வெண்பா. “இனி என் கைக்கு ஒரு மதினி பாருங்க.”

அவள் மகளுக்கு இருபத்துநாலு வயது, கல்லூரியில் வாலிபால் ஆடியவள். அடுத்த அளவு வாரத்துக்கு அவளைக் கேட்கலாம் என்று வெண்பா தொடங்கியபோது கனிஷ்கா வேண்டாம் என்றாள். அன்றுதான் அவள் குரல் உயர்ந்து கேட்டேன். சின்னப்பிள்ளை கையையும் வாங்கி மாட்டினால், அடுத்து வருகிறவள் எங்கே போவாள் என்று கேட்டாள். பிறகு எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, இடது கையை உயர்த்தினாள். வலது கையால் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. முடியைச் சுருட்டி, முறுக்கி, செருகினாள். கொண்டை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. விழவில்லை.

அவளுடைய ஸ்லீவையே மாட்டி அளந்தேன். 112.

பத்து மாதத்தில் 88லிருந்து 112. பதினாறு முடிச்சு எடுத்த கைக்கு அது எவ்வளவு பெரிய தூரம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூரத்தைப் பதிந்துவைக்க மாநிலத்தில் ஓர் இடமும் இல்லை. அவள் பெயரில் ஏற்கெனவே 160 இருந்தது.

அன்று மதியம் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆறு பத்திகள். என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை ஒப்புதல் நான் பொய்யாக அழுத்தினேன், கோடு ஏன் ஏறுகிறது, இப்படியே போனால் நோயுற்ற ஒரு கையும் கோட்டைத் தொட முடியாது என்பது, கடைசியாகக் கனிஷ்காவின் உண்மையான அளவு. அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். என் வேலை போகும், மையமும் போகலாம், அவள் பெயரும் கெடும் என்று சொன்னேன்.

“எழுதுங்க டீச்சரம்மா. எங்கை எப்படி இருக்குன்னு எம்பேர்லயே இருக்கட்டும்.”

பதில் பதினோரு விநாடியில் வந்தது. நல்ல தமிழில், மரியாதையாக, நான்கு வரிகளில் இருந்தது. நான் அனுப்பிய 112 என்ற அளவு, இதே அறுவை முடிந்த நாற்பத்தோராயிரம் கைகளோடு ஒப்பிடப்பட்டது. அத்தகைய கை மாநிலத்தில் இல்லை. எனவே அது கருவிப் பிழை. என் ஒப்புதல்களின் நம்பகம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பதால், கடிதத்தின் மற்றப் பகுதிகள் பணிச்சுமையால் எழுதப்பட்டவையாகக் கருதப்பட்டு மூடப்பட்டன.

நான்காவது வரியை மூன்று முறை படித்தேன். தாங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த பயனாளி, தொடர்ந்து மூன்று காலாண்டு கோட்டுக்கு மேல் இருந்தும் நிறைவுச் சான்று பெறாமல் இருப்பது தெரியவந்தது, விடுபட்டமைக்கு வருந்துகிறோம், சான்று இன்று வழங்கப்பட்டுவிட்டது.

சிகிச்சை முடிந்தது, இனி மையத்துக்கு வர வேண்டியதில்லை என்பதே நிறைவுச் சான்று; வழக்கமாக அது சிகிச்சையாளர் கேட்டால்தான் வரும். நான் கேட்காமலே வைத்திருந்தேன். என் கடிதம் அவள் கோப்பைத் திறந்துவிட்டது.

சான்று பெற்றவர்கள் ஸ்லீவைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை கனிஷ்கா அதைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். டாக்டர் கவின்ராஜிடம் போய் நின்றேன். பொறி ஒத்துக்கொண்டதை நாம் மறுத்தால் மற்ற எல்லோரையும் தோண்டுவார்கள் என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்லீவின் அழுத்தம் இல்லாமல் அந்தக் கை எத்தனை நாளில் வீங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று நாள் ஆனது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர்கள் இருவரும் வழக்கம்போல் வந்தார்கள். கனிஷ்கா கையில் பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சுற்றியிருந்தாள். துண்டுக்கு வெளியே விரல்கள் பருத்துத் தெரிந்தன. கொண்டை அவளே போட்டது, இந்தமுறை நேராக இருந்தது. கதவு அவள் முகத்தைப் பார்த்தது.

“வணக்கம் கனிஷ்கா. நீங்கள் முழு நலத்துடன் இருக்கிறீர்கள்,” என்றது. திறக்கவில்லை.

வெண்பா கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். ஏத்தா, அவ கையப் பாரு, கையப் பாரு என்று கதவிடம் சொன்னாள். கதவு அதே வாழ்த்தைத் திரும்பச் சொன்னது. நான் உள்ளேயிருந்து வெளியே போக அது திறந்தது. அவர்கள் நுழைய முற்பட்டதும் மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், கட்டுத்துணி கொண்டுவருகிறேன் என்றேன். வாரத்துக்கு ஒரு நாள் போதாது என்பதை நான் சொல்லவில்லை. கனிஷ்கா தலையாட்டினாள். நேரமாச்சு, உள்ள எல்லாரும் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, போங்க என்றாள்.

உள்ளே கனிஷ்காவின் இடத்தில் புதியவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது, அறுவை முடிந்து ஆறு வாரம். பெயர் கேட்டேன், ரிஷ்வந்தி என்றாள். கையைத் தூக்கச் சொன்னேன். 55இல் முகம் சுருங்கியது. படிவத்தை எடுத்து, என்ன வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டேன். மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போட வேண்டும் என்றாள். எழுதிக்கொண்டேன்.

அவள் வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க எல்லாரும் அம்புட்டுத் தூரம் தூக்கிருவாங்களா டாக்டரம்மா?”

மேசையைச் சுற்றி இருபத்தொரு பேரும் நீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அளவு வாரத்துக்கு இன்னும் பதினொரு வாரம் இருந்தது.

படிவத்தை மூடி வைத்தேன்.

“உங்க வீட்ல,” என்று கேட்டேன், “முப்பது வயசுக்குள்ள பொண்ணுங்க யாராவது இருக்காங்களா?”