கட்டுரையில் வரும் ‘நான்’

பேருந்து நிறுத்தத்துக்குள் மழைக்குப் பயந்து மாரிட் ஓடி வந்த வேகத்தில், அங்கே நின்றவனின் காபி அவன் சட்டையிலேயே கொட்டியது.

“ஐயோ, சாரி...”

“பரவால்ல. வேற சட்டை இருக்கு... வீட்டுல.”

சாம்பல் நிறக் கண்கள். சிரிக்கும்போதும் சோகம் போகாத கண்கள்... மாரிட் அவசரமாக மழையைப் பார்த்தாள்.

“நீங்களும் எழுத்து வகுப்பா? நான் எமெட், கட்டுரைப் பிரிவு. இன்னிக்கு கவிதைப் பிரிவோட சேர்ந்து வகுப்பு, ஒரு கவிதையப் பத்திப் பேசணும். செத்துப்போன அப்பாவோட மீன்பிடி பூட்ஸை ஒரு பொண்ணு போட்டுப் பாக்குறா. யார் எழுதினதுன்னு பேர் இல்ல. என்னமா எழுதியிருக்கா...”

எழுதியவள் இவள்தான். இன்னும் கொஞ்சம் புகழட்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள். அற்ப ஆசைதான். எழுதுகிறவர்களுக்கு அதுதான் சோறு.

வகுப்பில் எமெட்டின் குரல் தழுதழுத்தது. “பாவம், இத எழுதினவங்களோட அப்பா போனப்ப...”

கவிதைப் பிரிவு கொல்லென்று சிரித்தது. “கவிதையில வர்ற ‘நான்’ கவிஞர் இல்ல, எமெட்,” என்றார் பேராசிரியை லோர்னா.

“அது என் கவிதைதான். எங்கப்பா டுலூத் ஊர்ல தூண்டில் புழு வித்துக்கிட்டு ஜம்முனு இருக்கார்,” என்று மாரிட்டும் சிரித்துவைத்தாள்.

வெளியே வந்ததும் அவன் மெல்லச் சொன்னான்: “எங்கப்பா நிஜமாவே போயிட்டார். நீங்க ‘நான்’னு எழுதினா நான் நம்பிடுவேன். அதான், இனிமே நீங்க எழுதறதப் படிக்கப் போறதில்ல.”

கற்பனை செய்வது குற்றமா? மூன்று வகுப்புகள் வரை வீம்பு தாங்கியது. அவன் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வலித்தது. இவ்வளவு முழுசாகப் படிக்கத் தெரிந்தவனை இனி எங்கே தேடுவாள்?

அடுத்த முறை அவள் கொண்டுவந்தது கட்டுரை. வாழ்க்கையில் முதல் கட்டுரை. எழுந்து நின்று படித்தாள்.

‘மழையில் ஒருவர் என்னைப் புகழ்ந்தார். நான்தான் எழுதினேன் என்று சொல்லாமல் ரசித்தேன். பிறகு அவர் துக்கத்தைப் பார்த்துச் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது. அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.’

எழுதியவர் பேசக் கூடாது, மற்றவர்கள்தான் பேச வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

எமெட் நிமிர்ந்தான்.

“கடைசி வரியில ஒரு சந்தேகம்... அதுல வர்ற ‘நான்’ யாரு?”

லோர்னா தடுப்பதற்குள் மாரிட் சட்டத்தை மீறினாள்.

“நான்தான்.”