பக்கத்து சீட்டில் குளிர்

எங்கள் மலை ஊரில் மழை விட்டும் விடாத ஒரு காலை. நான் ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் அந்தப் பழைய வெள்ளைக் கார் முற்றத்தில் வந்து நின்றுவிட்டது. கார்களுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்ப்பது என் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி சொல்வாள். அன்று அதைச் சும்மா வைத்திருந்திருக்கலாம்.

இறங்கியவருக்கு எழுபது வயது இருக்கும். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

"ஹீட்டர் ஃபேன் ஓடல தம்பி. இன்னிக்கே புதுசு போட்டுடணும்."

"அவசரப்படாதீங்க சார். ஃப்யூஸ் போயிருந்தாலும் ஓடாது. முதல்ல பாத்துடலாம்."

சாவியைத் திருப்பி, ஃபேன் சுவிட்சை ஒன்றிலிருந்து நான்கு வரை வைத்துப் பார்த்தேன். மூச்சுப் பேச்சில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்துப் படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மோட்டாரின் ஒயரைக் கழற்றி, டெஸ்ட் லேம்பை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வாசல் வரை வருகிறது, மோட்டார்தான் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்துபோன மோட்டார் இப்படித்தான் அடம் பிடிக்கும். ஒரு தட்டு தட்டினால் எழுந்து ஓடும், பிறகு மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

இந்த வித்தையை யாரோ எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். மோட்டார் மூடி முழுக்கச் செருப்புத் தடம்.

"என்ன சார், ஃபுட்பால் டீமையே உள்ள உக்கார வச்சு ஓட்டினீங்களா? இந்த உதை உதைச்சிருக்காங்க!"

அவர் சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்காரம்மா," என்றார். "ஃபேன் நின்னா அவதான் உதைப்பா. நாலு வருஷம் அப்படியே ஓட்டிட்டோம். புதுசு போடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீ இருக்கும்போது புதுசு எதுக்குன்னு நான் சிரிப்பேன். அவ போய் ஒன்றரை வருஷம் ஆச்சு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடி உள்ளே படுத்து, மூன்று திருகாணிகளையும் கழற்றினேன். மோட்டாரும் அதன் வட்ட விசிறியும் தூசியோடு என் கைக்கு இறங்கின.

டொக்.

தலைக்கு மேல், வெறும் பிளாஸ்டிக்கில், யாரோ உதைத்த சத்தம்.

"சார், தட்டினீங்களா?"

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் ஷட்டர் பக்கம், பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

குளிர் ஏறியது. மழைக் குளிர் இல்லை இது. கூடவே ஒரு வாசனை, ஆஸ்பத்திரி வராந்தாவில் வருமே, அந்த மருந்து வாசனை.

டொக்.

என் கையில் இருந்த விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது.

கழற்றிய ஒயர் என் நெஞ்சின் மேல் கிடந்தது.

டொக் என்று மூன்றாவது முறை கேட்டபோது என் காதை ஏதோ உரசியது. சின்னதாக, சில்லென்று. ஒரு பெண்ணின் கால் கட்டைவிரல் அளவு.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. டூல் பாக்ஸ் மேல் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உனக்கும் கேட்டுச்சா?" மிகவும் மெதுவாகக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"தினமும் உதைக்கிறா. நான் பாவி, அதைக் கேட்டு சந்தோஷமா இருந்துட்டேன். எனக்காகத்தான் உதைக்கிறா, கூடவே இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்."

"இப்பவும் அப்படியே நினைச்சுக்கோங்க சார். நான் பழசையே மாட்டிடறேன். புதுசு போட்டா அப்புறம் அந்தச் சத்தம் வராது."

"தெரியும்."

காரின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் தம்பி. இதே மாதிரி காலை. பாதி வழியில ஃபேன் நின்னுடுச்சு. குளுருதுங்கன்னா. உதைடின்னேன். காலைத் தூக்க முடியலங்கன்னா. நேரமாகுதுன்னு நான் நிறுத்தாம ஓட்டினேன். ஒரு போர்வை கூட எடுத்துட்டு வரல. அங்க போய் இறக்கும்போது கையெல்லாம்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன வாரம்தான் எனக்கு உறைச்சுது. அவ எனக்காக உதைக்கல. அவளுக்கு இன்னும் குளுருது."

புது மோட்டார் என் அலமாரியில் இருந்தது. ஆனால் அதை மாட்ட, மறுபடியும் அதே இடத்தில் தலையை வைத்துப் படுக்க வேண்டும். என் வேலையில் இவ்வளவு பயந்தது அன்றுதான்.

"கொஞ்சம் காலை நகத்திக்கோங்கம்மா," என்றேன், காலியான சீட்டைப் பார்த்து. "அஞ்சே நிமிஷம். புதுசு போட்டுடறேன்."

குளிர் ஒரு சாண் விலகியது.

விசிறி உட்காரும் பெட்டிக்குள் சேர்ந்திருந்த சருகுகளை அள்ளினேன். மோட்டாரை ஏற்றித் திருகாணிகளை முடுக்கினேன். ஒயரைச் சொருகினேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டார். சூடு ஏறும் வரை காத்திருந்து, ஃபேன் சுவிட்சைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஓடியது. நாலு வேகமும் சுத்தம். கதகதவென்று காற்று வந்தது. மருந்து வாசனை இல்லை.

அவர் ஃபேனை அணைத்தார். காத்திருந்தார். உதை வரவில்லை. மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். ஐந்தாறு தடவை.

"போயிட்டா," என்றார். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஃபேனை நானே கை நீட்டிப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து சீட்டின் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன்.

உள்பக்கம், சாய்ந்து தூங்கும் ஒருவரின் வாய் வரும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மூச்சுப் படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடியும் படிந்தது. அசந்து தூங்குபவர்களின் நிதானம்.

நான் அவர் தோளைத் தொட்டேன். அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்," என்றேன்.

"வீட்டுக்குப் போனா எஞ்சினை அணைக்கணுமே தம்பி."

மதியம் ஆனது. மழை நின்றது. கார் முற்றத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் முள் அடியைத் தொட்டபோது அவர் என்னைப் பார்த்தார். நான் கேனை எடுத்துக்கொண்டேன். பங்க் இருக்கும் திசைக்கு அந்த ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கடந்தேன்.

கண்ணாடியில் மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது.