பதினைந்தில் போகவேண்டிய வளைவு

நவம்பர் மாதத்துப் பிற்பகல். பிராக் நகரை மூடுபனி கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது. பணிமனையிலிருந்து காலி டிராமைக் கிளப்பினாள் யிட்கா. இரண்டு வருடத் தடைக்குப் பிறகு இன்று ஓட்டுநர் தேர்வு. தேறினால் வேலை. இல்லையென்றால் வீடுதான்.

"மூணு டிராம் உனக்குக் கை காட்டிட்டுப் போச்சு," என்றார் பின்னால் நின்ற தேர்வாளர் ஸ்டானேக். "உன் கை என்ன, பிரேக்கோட ஒட்டிப்போச்சா?"

"ஒட்டினதாவே இருக்கட்டும் சார்."

எதிரே வரும் ஓட்டுநருக்குக் கை உயர்த்துவது டிராம்காரர்களின் வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால், அன்றும் அப்படித்தான். நாலு நிமிடத் தாமதம். பதினைந்தில் போகவேண்டிய வளைவுக்குள் முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தாள். எதிர் டிராமில் அவள் கணவன் லுபோஷ். சிரித்துக்கொண்டே கை உயர்த்தினான். பதிலுக்கு அவளும் பிரேக்கை விட்டுக் கையை எடுத்தாள்.

ஒரே ஒரு நொடி.

அவளுடைய டிராமின் பின்பெட்டி தடம் புரண்டு எதிர் டிராமில் மோதியது. லுபோஷ் இறந்துபோனான். அவனோடு வந்த ஏழு பயணிகளும் போனார்கள்.

இதோ, அதே வளைவு. வேகமுள் பதினைந்தைத் தாண்டவில்லை.

பனிக்குள் மங்கலாக ஒரு விளக்கு. கருகிய இரும்பின் வாடை.

எதிரே ஒரு டிராம்.

லுபோஷ்.

கையை உயர்த்தியபடியே இருந்தான். இரண்டு வருடமாக இறக்காத கை போல அது நடுங்கியது.

ஓடும் வண்டியில் இனி யிட்கா கையை எடுக்க மாட்டாள். பிரேக்கை முழுக்க இழுத்தாள். டிராம் நின்றது.

"ஏன் நிறுத்தினே? காரணமில்லாம நிறுத்தினா தேறமாட்டே, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கையை உயர்த்தினாள். "மன்னிச்சுடுடா," என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

அவன் சிரித்தான். கை மெல்ல இறங்கியது.

"யாருக்குக் காட்டறே? அந்தப் பக்கம் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டு ஒரு மாசமாச்சு," என்ற ஸ்டானேக் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பக்கத்தில் டிராம் கடப்பது போல ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன.

அவளுக்கு மட்டும் தெரிந்தது. லுபோஷ் கடந்துபோனான். அவனுக்குப் பின்னால் அவன் டிராமின் ஜன்னல்கள் வந்தன.

முதல் ஜன்னலில் ஒரு கை உயர்ந்தது.

அடுத்ததிலும்.

ஏழு கைகள்.

யிட்கா தன் கையை இறக்கவில்லை.

அவையும் இறங்கவில்லை.