சுவர் இருந்த இடம்

டீயில் மறுபடியும் வெள்ளைத் தூசி. இரண்டு தம்ளர் ஏற்கெனவே தொட்டிக்குப் போயாயிற்று, இது மூன்றாவது. அவள் அண்ணாந்து பார்த்தாள். புதிதாக வெள்ளையடித்த சீலிங் சமர்த்துப் பிள்ளை மாதிரி இருந்தது. தூசி மட்டும், யாரோ மேலே உட்கார்ந்து நிதானமாக மாவு சலிப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து ஐந்து நாளாகிறது. அந்த இடத்தில் இப்போது வழவழவென்று ஒரு கிரானைட் மேடை. அவள் கணவர் ஆபீசில் மற்றவர்களுக்கு முடிவெடுக்கும் திறன் பற்றி வகுப்பெடுப்பவர். வீட்டுக்கு வந்தாலும் வகுப்பு முடிகிற மணி அடிக்காது. "சுவர்ங்கிறது ஒரு மனநிலை" என்று போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளிடம் விளக்கினார். விருந்தாளிகளுக்குப் பசி. தலையாட்டினார்கள்.

அந்த மனநிலையை உடைத்த பிறகு வெங்காயம் வதக்கும் நெடி படுக்கையறைவரை போனது, சோபா உறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது, கூடத்து டிவி குக்கர் விசிலோடு மல்லுக்கு நின்றது. இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அந்தச் சத்தம். பழைய நாற்காலியில் கனத்த ஆள் ஒருவர் உட்காரப் போய், உட்காரலாமா வேண்டாமா என்று பாதியில் நின்று யோசிப்பதுபோல, தலைக்கு மேலே ஒரு நீண்ட முனகல். நின்றது. திரும்ப வந்தது. மத்தியான வெயில் ஜன்னலில் பளீரென்று அடிக்க, பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருக்க, பயப்படுவதற்கே வெட்கமாக இருந்தது.

"ஏங்க, சத்தம் கேக்குதா?"

"வீடு செட் ஆகுது. புதுச் செருப்பு கடிக்கும்ல, அந்த மாதிரி."

"முப்பது வருஷத்து வீடுங்க இது."

"அப்ப பழைய செருப்பு." அவர் பேப்பரைத் திருப்பினார்.

மாடியிலிருந்து மகள் கத்தினாள். "அம்மா! ரூம் கதவு திறக்க மாட்டேங்குது!"

"இழுத்துத் திறடி!"

"இழுக்கறேன்மா! மேல இடிக்குது!"

அந்த அறை சுவருக்கு நேர்மேலே. சுவர் இருந்த இடத்துக்கு நேர்மேலே.

"இடிக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரி வந்து பார்த்தாரே, என்னங்க சொன்னார்?"

"தாங்காதுன்னார். இந்தச் சுவர் எதையும் தாங்கலைன்னு அவர் வாயாலயே சொன்னப்புறம் என்ன பயம்?"

"எப்படிச் சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

"சுவரைத் தட்டினார். மேல பார்த்தார். 'தாங்காது சார்'ன்னார்."

"அப்புறம்?"

"கிளம்பிட்டார். அடுத்த நாள் கூப்பிட்டா போனையே எடுக்கலை. நான்தான் வேற ரெண்டு ஆளைப் பிடிச்சேன்."

கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்க அவளுக்கு இடம் தெரியவில்லை.

"சுவர் தாங்காதுன்னு சொல்லலைங்க. சுவரை எடுத்தா வீடு தாங்காதுன்னு சொல்லியிருக்கார்."

அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

மேலே ஒரு கோடு விழுந்தது.

பென்சிலால் யாரோ யோசித்து யோசித்து வரைவதுபோல, விளக்குக்குப் பக்கத்தில் தொடங்கி, சுவர் நின்ற தடத்திலேயே நேராக நகர்ந்தது. மயிரளவு. நூலளவு. விரலளவு. காரை பொத்தென்று மேடையில் விழுந்தது. சீலிங் வயிறு தள்ளியது.

"அம்மா! கட்டில் நகருது!"

அவர் மேடையில் ஏறினார். மேடை ஏறுவது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை பேசவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கி அந்தக் கோட்டின் மேல் வைத்தார். உச்சந்தலையையும் கொடுத்து முட்டினார். என்ன பைத்தியக்காரத்தனம், ஒரு வீட்டை ஒரு மனுஷன்...

கோடு நின்றது.

முனகல் நின்றது. தூசிகூட.

"போ," என்றார். "அவளைக் கூட்டிட்டு வா."

அவள் ஓடினாள். படிகள் காலுக்குக் கீழே ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. கதவு நிலை நசுங்கிப் பிடித்திருந்தது. தோளால் இடித்தாள். உள்ளிருந்து மகள் இழுத்தாள். இடித்தாள். ஒரு சாண் வழி. மகள் தோலைச் சிராய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இறங்கினார்கள். கையைப் பிடித்தபடி. மூச்சுவிடாமல்.

"வெளிய ஓடு. நிக்காதே. ஓடு!"

மகள் ஓடினாள். அவள் மேடையருகே நின்றாள்.

"வந்துட்டா. போதும். விட்டுட்டு இறங்குங்க."

அவர் இறங்கவில்லை.

"ஏங்க."

சீலிங்கில் கோட்டைக் காணோம். அவர் மணிக்கட்டையும் காணோம். வெள்ளைப் பரப்பு முழங்கைவரை வழவழவென்று இறங்கியிருந்தது. அவள் அவர் காலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கால்சட்டைக்குள் கையை விட்டாள். சில்லென்றிருந்தது. சொரசொரப்பு. விரலை நகர்த்தினாள்.

செங்கல். நடுவே கலவைக் கோடு. அதற்கு மேல் அடுத்த செங்கல்.

அவள் தலை தூக்கினாள்.

அவர் கண்கள் மட்டும் உருண்டு, மகள் ஓடிய வாசலைத் தேடின. பூச்சு புருவம்வரை வந்திருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. மெல்ல, மிக மெல்ல, இமையை நோக்கி வழிந்துகொண்டிருந்தது.