இரண்டாவது கப்

காலை 6.50. ஆடிட்டர் தன் வீட்டுச் சமையலறைத் தரையில் செத்துக் கிடந்தார். மேடைமேல் எஸ்பிரெஸ்ஸோ மெஷின், ஒன்றுமே நடக்காதது போல் உஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கப்புகள். சின்ன வெள்ளைக் கப் காலி. பூப்போட்ட பெரிய கப்பில் பால் கலந்த காபி பாதி மிச்சமிருந்தது.

இன்ஸ்பெக்டர் அரை மணி நேரத்தில் வந்துசேர்ந்தார். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தெரிந்த காபியெல்லாம் ஸ்டேஷனில் கரண்டியால் போட்டு வெந்நீரில் கலக்குகிற காபிதான். தராசு, தெர்மாமீட்டர், ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு காபி கிரைண்டர், தேதி எழுதி ஒட்டிய காபிக்கொட்டைப் பைகள்! "இது சமையலறையா, ஆஸ்பத்திரியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் கதவோரம் நின்ற ஆடிட்டரின் மனைவியைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போலீஸ் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "விஷம் மேடம். சந்தேகமே வேணாம்," என்றார்.

அந்த வீட்டில் மிச்சமிருந்தது நாலு பேர். மனைவி, மாடியில் குடியிருக்கும் ஆடிட்டரின் தம்பி, முந்தின நாள் வந்திருந்த மகளும் மாப்பிள்ளையும். மகளுக்கு நிறைமாதம்.

"யாரு முதல்ல பாத்தது?"

"நான்தாம்மா," என்றார் மனைவி. "பால் கலக்கிக் குடிச்சிட்டே ஜன்னல் பக்கம் நின்னேன். தொப்புனு சத்தம். நான் போட்ட கூச்சல்ல கொழுந்தன்தான் முதல்ல ஓடி வந்தார். பாவம், வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு?'ன்னு பதறினார். எனக்கு ஒண்ணுமில்ல, அண்ணனைப் பாருங்கன்னேன். அவரு காலடியிலதான் இவர் கிடந்தார்."

தம்பி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். பொய் அழுகையை மூட்டை மூட்டையாகப் பார்த்தவர் இன்ஸ்பெக்டர். இது பொய்யில்லை.

"நான் யாரையும் குத்தம் சொல்லல மேடம்," என்றான் தம்பி. "ஆனா நேத்து அண்ணனுக்கும் மாப்பிள்ளைக்கும் பெரிய வாக்குவாதம். மாடி வரைக்கும் கேட்டுச்சு. அந்தக் காபிக்கொட்டையும் மாப்பிள்ளை கொண்டுவந்ததுதான்."

இதற்குமேல் என்ன வேண்டும்? மாப்பிள்ளையை ஹாலில் உட்கார வைத்தார்.

"என்ன சண்டை?"

"கிரைண்டர் மேடம்."

"விளையாடுறீங்களா?"

"சத்தியமா மேடம். எனக்கும் மாமாவுக்கும் காபிப் பைத்தியம். மெஷின் சுமாரா இருந்தாலும் சமாளிக்கலாம், கிரைண்டர் நல்லா இருக்கணும்னு நான் சொல்லிட்டே இருப்பேன். இவரோடது பழசு. அரைச்ச தூள்ல ரெண்டு ஸ்பூன் அதோட தொண்டையிலயே தங்கிடும். மறுநாள் காலையில முதல்ல வர்றது அந்தப் பழைய தூள்தான். முதல் கப் வாயில வைக்க விளங்காது. தூள் தங்காத மாடல் வாங்குங்கன்னேன். 'முதல் கப்பைக் கீழ ஊத்திட்டாப் போச்சு, அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை புதுசு?'ன்னார். நானும் சத்தம் போட்டேன்."

"ஊத்துவாரா?"

"நான் வந்தப்பல்லாம் சிங்க்லதான் ஊத்தினார்."

"இந்தக் கதையை நம்ப வேற ஆளைப் பாருங்க. கிளம்புங்க ஸ்டேஷனுக்கு."

மகள் கணவனின் சட்டைக்கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஆடிட்டரின் மனைவிதான் நடுவில் வந்தார். "மத்தியானம் வரைக்கும் விடுங்கம்மா. இவளுக்கு எந்நேரமும் வலி எடுக்கலாம். அப்பனைப் பறிகொடுத்த அன்னிக்கே புருஷனையும் கூட்டிட்டுப் போகாதீங்க."

இன்ஸ்பெக்டருக்கு மனசு கேட்கவில்லை. "லேப்ல இருந்து தகவல் வர்ற வரைக்கும். அதுக்கு மேல நான் பொல்லாதவ," என்றார்.

11.15. லேப்பிலிருந்து போன்.

"மாப்பிள்ளை கொண்டுவந்த கொட்டை சுத்தம் மேடம். கிரைண்டருக்குள்ள கொட்டியிருந்ததும் சுத்தம். ஆனா காபி இறங்கினதும் சக்கை தட்டுற டப்பாவுல, கப்புக்கு ஒண்ணா, வட்ட வட்டமா ரெண்டு வில்லை இருந்துச்சு. அடியில இருந்ததுல பூச்சிமருந்துப் பொடி நிறைய. மேல இருந்ததுல பேருக்கு ஒரு துளி. வெள்ளைக் கப்புல விஷம். பூப்போட்ட கப்பால ஆபத்தில்ல."

பூச்சிமருந்து பின்பக்கத் தோட்டத்து அறையில் பூட்டில்லாமல் கிடந்தது. யார் கையும் எட்டும். இன்ஸ்பெக்டர் மேடைமுன் போய் நின்று யோசித்தார். அடி வில்லை என்றால் முதலில் போட்ட காபி. கொட்டையில் விஷமில்லை என்றால் கிரைண்டரின் தொண்டையில், பழைய தூளோடு யாரோ கலந்திருக்கிறார்கள். முதல் கப் சாக்கடைக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை, அதில் போய் விஷம் வைப்பானா? சரி, கீழே ஊற்ற வேண்டியதை ஆடிட்டர் எதற்குக் குடித்தார்?

மனைவியைத் தனியே அழைத்தார்.

"முதல் கப்பை அவர் தினமும் ஊத்திடுவாரா?"

அந்த அம்மாள் சொல்லக் கூசினார். "வீட்டுக்கு வந்தவங்க பாத்துட்டிருந்தா ஊத்துவார். இல்லேன்னா எனக்குக் கொடுத்துடுவார். பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கறவளுக்கு எதுவா இருந்தா என்னம்பார். மெஷின் வாங்கினதிலேருந்து அப்படித்தான். மாப்பிள்ளை எட்டு மணிக்கு முன்னால எழுந்திருக்க மாட்டார். அவருக்கு இது தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"வெளிய சொல்லிக்கற விஷயமாம்மா இது? கொழுந்தன் பாத்திருக்கார். காலையில அப்பப்ப கீழ வந்து உக்காருவார்."

"அவருக்கும் உங்களுக்கும் எப்படி?"

"வீட்டை வித்துடலாம்னு ரொம்ப நாளா கேக்கறார். நான் ஒத்துக்கல. இவரும் அதுல மட்டும் என் பேச்சை மீற மாட்டார்."

இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து எல்லாரும், அவரும் சேர்த்து, ஆடிட்டரை யார் வெறுத்தார்கள் என்றே தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரை யாருமே வெறுக்கவில்லை.

ஹாலில் தம்பியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க அண்ணனைக் கொல்ல யாரும் நினைக்கல. குறி வச்சது உங்க அண்ணிக்கு. தினமும் முதல் கப் அவங்களுக்குத்தான்னு தெரிஞ்ச ஆள் வச்ச விஷம் அது. கொட்டை கொண்டுவந்த மாப்பிள்ளை தலையில பழி விழும்னு கணக்குப் போட்டு, நேத்து ராத்திரி பாத்து வச்சிருக்கீங்க."

"மேடம், நானா? எங்கண்ணனையா?"

"அண்ணன் தரையில கிடக்கறார். நீங்க அவரைத் தாண்டி வந்து, நின்னுட்டிருந்த அண்ணி கையைப் பிடிச்சு, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க. விழ வேண்டியது யாருன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்தக் கேள்வி வாயில வரும்."

தம்பி அண்ணியைப் பார்த்தான். பிறகு தலையில் படார் படாரென்று அடித்துக்கொண்டான்.

"அவர் ஏன் அதைக் குடிச்சார்? ஒரு நாளும் குடிக்க மாட்டாரே! முதல் கப்பை எங்கண்ணன் தொட்டதே இல்லையே மேடம்!"

அதற்குமேல் வாக்குமூலம் யாருக்கும் தேவைப்படவில்லை. அவன் கேள்விக்குப் பதில் சொன்னது ஆடிட்டரின் மனைவி.

"நேத்து சாயங்காலம் மாப்பிள்ளை எனக்குன்னு ஒரு கப் போட்டுக் கொடுத்தார். குடிச்சிட்டு, காபி இவ்வளவு நல்லாவா இருக்கும்னு கேட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன். இவர் முகம் சுண்டிப்போச்சு. காலையில நான் போனதும், 'இனிமே முதல் கப் எனக்கு, ரெண்டாவது உனக்கு'ன்னார். அதைக் குடிச்சிட்டு மூஞ்சியைச் சுளிச்சார். 'இதையாடி இத்தனை வருஷம் குடிச்சே?'ன்னார்."

தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போதும் அண்ணா அண்ணா என்றுதான் அழுதான். இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடம், "தப்பா பேசிட்டேன், மன்னிச்சிடுங்க," என்றார். மாப்பிள்ளை, "சண்டை போட்டாவது அந்தப் பழசை நேத்தே மாத்தியிருக்கணும் மேடம்," என்று சொல்லிவிட்டு மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

கிளம்பும்போது ஆடிட்டரின் மனைவி வாசல் வரை கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் படியிறங்காமல் திரும்பினார். "நீங்களாவது பிழைச்சீங்களேம்மா," என்றார்.

"அவர் எனக்குப் போட்டுக் கொடுத்தாரே, அந்த ரெண்டாவது கப். நல்லா இருக்குங்கன்னு சொல்லத்தாம்மா ஜன்னல்கிட்டேருந்து திரும்பினேன்," என்றார் அவர். "கேக்க அவர் இல்ல."