எது கேட்டாலும் ஆமா

சாமான் வண்டி திரும்பிப் போன பிறகுதான் அந்த வீட்டை நிதானமாகப் பார்த்தேன். பழைய மாடிவீடு. முன்னால் கூடம், அதைத் தாண்டி நீளமான நடை, நடையின் கடைசியில் படுக்கையறை. நடுவில் ஒரு பூட்டிய அறை. அந்தக் கதவருகே போனால் மட்டும் காயாத துணியை மடித்து வைத்த வாடை அடித்தது.

"அதுல ஒண்ணும் இல்லம்மா. என் பழைய கட்டிலும் பீரோவும்தான்," என்றார் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. சொல்லும்போது கதவைப் பார்க்கவில்லை.

நான் அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை. என் கணவருக்கு வெளியூரில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். மகளை யார் வைத்துக்கொள்வது என்று மாமியாருக்கும் எனக்கும் பெரிய சண்டை.

"நீ கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு. புள்ளை மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நான் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன், பாத்துக்க," என்றார் மாமியார்.

"ஒரு கீறல் விழாது. பெத்தவளுக்குப் பாத்துக்கத் தெரியும்," என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். "அம்மா, நீ என் பக்கத்துலதான் படுப்பியா?" என்று தினமும் கேட்பாள். "ஆமாடி என் ராஜாத்தி," என்பேன். அப்புறம்தான் கண்ணை மூடுவாள்.

அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்றுதான் இரண்டு கணினிகளையும் இணைக்க நினைத்தேன். கூடத்தில் இருக்கும் பெரிய கணினியில் என் வேலை மொத்தமும் இருந்தது. படுக்கையறையில் லேப்டாப். எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக் கணினிக்கு என்ன வந்தாலும் வைத்தியர் என் தம்பிதான். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, அது வரிசையா கேள்வி கேட்கும். நீ ஒவ்வொண்ணையும் படிச்சு அர்த்தம் கேட்டு என் உயிரை வாங்காதே. எது கேட்டாலும் ஆமான்னு போடு."

வாலு என் மடியில் இருந்தாள். "எது கேட்டாலுமா மாமா?"

"எது கேட்டாலும்டா செல்லம்."

மற்ற கணினிகள் இதைக் கண்டுபிடிக்க அனுமதிக்கலாமா என்று கேட்டது. "ஆமா!" என்று கத்திக்கொண்டே வாலு மவுஸை அழுத்தினாள். கோப்புகளைப் பகிரலாமா? ஆமா. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வரலாமா? ஆமா. வருகிறவர்கள் மாற்றலாமா, அழிக்கலாமா? ஆமா, ஆமா. ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடப் பொறுமையில்லாமல் டிஸ்க் மொத்தத்தையும் திறந்துவிட்டேன். வாலு பிறந்ததிலிருந்து எடுத்த படங்களும் அதில்தான் இருந்தன.

நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தேன். நாங்கள் வைத்த பெயர்கள் தெரிந்தன. கூடம். படுக்கையறை.

கீழே மூன்றாவதாக இன்னொன்று.

அம்மா.

"டேய், இங்க அம்மான்னு ஒரு கம்ப்யூட்டர் காட்டுதுடா."

"பக்கத்து வீட்டுக்காரங்களோடதா இருக்கும், விடுக்கா," என்று தம்பி போனை வைத்துவிட்டான்.

விட்டேன்.

ரவுட்டரிலிருந்து மூன்று வயர்கள் போவதை மறுநாள்தான் கவனித்தேன். ஒன்று கூடத்துக் கணினிக்கு. ஒன்று படுக்கையறைக்கு. மூன்றாவது, பூட்டிய அறையின் கதவிடுக்கில் நுழைந்து மறைந்தது. சுவரோரம் ஏற்கெனவே கிடந்த பழைய வயர்களை எல்லாம் இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவர் தன் பாட்டுக்குச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மத்தியானம் நல்ல மழை. வாலு படுக்கையறையில் லேப்டாப்பில் பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க நடையில் வந்த நான் அப்படியே நின்றேன்.

பூட்டிய அறைக்குள் யாரோ டைப் அடிக்கிற சத்தம்.

மெதுவாக. ஒவ்வொரு எழுத்தாக.

நான் கதவில் காதை வைத்தேன். சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக, ஒரு மூச்சு.

கீழே ஓடி வீட்டுக்காரம்மாவைக் கையோடு இழுத்து வந்தேன். அவர் சாவியைப் போட்டுத் திறந்தார். கட்டில் இருந்தது, பீரோ இருந்தது, தூசி இருந்தது. வேறு ஒன்றுமில்லை.

வயரின் நுனி தரையில் கிடந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை.

அந்த நுனியைச் சுற்றி மட்டும், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, தரையில் தூசியே இல்லை.

"இங்க முன்னாடி யாரு இருந்தா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு பொண்ணு. உன்ன மாதிரிதாம்மா, வீட்லேயே கம்ப்யூட்டர் வேலை. புருஷன் வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் அவ இந்த ரூமை விட்டு உயிரோட வெளிய வரல."

"அடிப்பாவி, இதை முதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டீங்களா!" வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். கூடத்துக்கு ஓடி ரவுட்டரிலிருந்து அந்த வயரைப் பிடுங்கி எறிந்தேன். கணினியைப் பார்த்தேன்.

அம்மா அங்கேயே இருந்தது.

அழுத்தினேன். திறந்தது. உள்ளே எங்கள் படங்கள். எல்லாம் வாலு படங்கள். குளிப்பது, தவழ்வது, முதல் பிறந்தநாள். நான் அவளை இடுப்பில் வைத்துச் சிரிக்கும் படம் ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் நான் இல்லை. நான் நின்ற இடத்தில் சுவர் தெரிந்தது. வாலு மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்ததைத் திறந்தேன். அதிலும் நான் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பகிர்வை நிறுத்த அமைப்புகளைத் தேடினேன். அழுத்த வேண்டிய இடத்தில் மவுஸ் நிற்கவே மாட்டேன் என்றது.

அப்போதுதான் படுக்கையறையிலிருந்து வாலுவின் குரல் கேட்டது.

"ஆமா."

கொஞ்சம் இடைவெளி.

"ம். ஆமா."

நான் நடையில் எப்படி ஓடினேனோ தெரியாது. லேப்டாப் திரை கறுப்பாக இருந்தது. வாலு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஈரத்துணி வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது.

"யாருகிட்டடி பேசுற?"

"அது கேள்வி கேக்குது. எது கேட்டாலும் ஆமான்னு சொல்லணும்னு மாமா சொன்னாருல்ல?"

"என்ன கேட்டுச்சு? சொல்லு, என்னடி கேட்டுச்சு?"

வாலு விரல்விட்டு எண்ணினாள். "உன்னைக் கண்டுபிடிக்கலாமான்னு கேட்டுச்சு. பக்கத்துல படுத்துக்கலாமான்னு கேட்டுச்சு. அப்புறம், இனிமே நான்தான் உன் அம்மாவான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புது ஆளைப் பார்க்கிற பார்வை.

"நீங்க யாரு ஆன்ட்டி?"

லேப்டாப்பைத் தரையில் அடித்து உடைத்தேன். மாற்றுத்துணிகூட எடுக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் வெளியேறினேன். வழியெல்லாம் என் தோளுக்கு மேலாக யாருக்கோ கையாட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறோம். இங்கே கணினி கிடையாது, வயர் கிடையாது. வந்த அன்று மாமியார் பேத்தியைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லையே, அப்புறம் ஏன்டி இப்படி அழுவுற?" என்றார். என்னவென்று சொல்ல? அவரைப் பாட்டி என்கிறாள். அப்பா போனில் வந்தால் துள்ளிக் குதிக்கிறாள். தம்பி நேரில் வந்து காலைப் பிடிக்காத குறையாக அழுதான், அவனையும் மாமா என்று கட்டிக்கொண்டாள். நான் மட்டும்தான் ஆன்ட்டி.

பயந்திருக்கிறாள், போகப்போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி உயிர் வாழ்வது?

இன்று காலை அவளைக் குளிப்பாட்டித் தலை வாரிக்கொண்டிருந்தேன். மாமியார் தெருவில் காய்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் அவளும் மட்டும்.

"ஆன்ட்டி, வலிக்குது, மெதுவா."

என்னால் தாங்க முடியவில்லை. அவள் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னேன். "வாலு, நான்தான்டி உன்னைப் பெத்த அம்மா. நான் உன் பக்கத்துலயே இருக்கேன்டி."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாக, காலியாகக் கிடந்த சமையலறையைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த ஆன்ட்டிய வெளிய அனுப்பிடலாமா?"

சமையலறைக்குள்ளிருந்து பதில் வந்தது. என் குரல். அச்சு அசல் என் குரல்.

"ஆமாடி என் ராஜாத்தி."